திடலா, தோட்டமா? லைப்சிக் நகரத்தின் ஒரு பழைய பஞ்சாயத்து



சி பிளாக்குக்கு வடக்கே புல் மண்டிக் கிடக்கும் காலி இடத்தை என்ன செய்வது என்பது, வரப்போகும் பொதுக்குழுக் கூட்டத்தில் நான்காவது பொருள். சுற்றறிக்கையில் பார்த்திருப்பீர்கள். கார் நிறுத்தத் தளம் போட வேண்டும் என்று ஒரு தரப்பு, பிள்ளைகள் விளையாட விட வேண்டும் என்று ஒரு தரப்பு, காய்கறித் தோட்டம் போட வேண்டும் என்று ஒரு தரப்பு. வாட்ஸ்அப் குழுவில் இரண்டு வாரமாக நடந்ததை இங்கே திரும்பச் சொல்லி யாருடைய ரத்த அழுத்தத்தையும் ஏற்ற மாட்டேன். தோட்டம் கேட்டுக் கையெழுத்துப் போட்ட 31 வீடுகளில் என் வீடும் ஒன்று என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்துக்கு வீட்டுத் தோட்டத்தின் கதையை எழுதலாம் என்று ஆரம்பித்தேன். நம் தரப்புக்கு ஆள் சேர்க்கலாம் என்ற ஆசையும் உள்ளூர இருந்தது. ஆனால் படிக்கப் படிக்க நான் போட்ட கையெழுத்தின் மீது எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது. காரணம் ஜெர்மனியில் உள்ள லைப்சிக் நகரம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் லைப்சிக்கில் ஆலைகள் பெருகின, வீடுகள் நெருக்கின, பிள்ளைகளுக்கு ஓடியாட இடமில்லாமல் போனது. அங்கே மோரிட்ஸ் ஷ்ரேபர் என்று ஒரு மருத்துவர் இருந்தார். பிள்ளைகளுக்கு உடற்பயிற்சியும் திறந்த வெளியும் வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்தவர். 1861இல் இறந்துபோனார். 1864இல் ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோரைக் கூட்டி ஒரு சங்கம் தொடங்கினார். நம்முடையதைப் போலவே உறுப்பினர், சந்தா, கூட்டம் எல்லாம் உண்டு. மறைந்த மருத்துவரின் நினைவாக அதற்கு ஷ்ரேபர் சங்கம் என்று பெயர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு விளையாட்டுத் திடலும் திறந்தாயிற்று. புல்வெளி, பிள்ளைகள், பந்து, அவ்வளவுதான். தோட்டம் என்ற பேச்சே அப்போது இல்லை.

சில ஆண்டுகள் கழித்து கெசெல் என்ற ஆசிரியர் திடலின் ஓரத்தில் சிறு பாத்திகள் வெட்டினார். விளையாடி முடித்த பிள்ளைகள் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, செடி வளர்வதைப் பார்க்கட்டும் என்பது அவர் எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் பிள்ளைகள் எந்த ஊரிலும் பிள்ளைகள்தானே! முளை விடும் வரை தினமும் வந்து மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள், முளைத்ததும் பந்தின் பக்கம் போய்விட்டார்கள். பாத்தியில் களை மண்டியது. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பாவும் அம்மாவும் கை சும்மா இருக்குமா? களை பிடுங்கினார்கள். பிறகு தாங்களே விதைத்தார்கள். பிள்ளைகளின் பாத்தி குடும்பத்தின் பாத்தி ஆயிற்று. அப்புறம் வேலி வந்தது, வேலிக்குள் சாமான் வைக்க ஒரு குடில் வந்தது, யார் எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்று விதிமுறைப் புத்தகமும் வந்தது. இன்றைக்கு ஜெர்மன் மொழியில் நகரத்து ஓரத்துக் குத்தகைத் தோட்டத்துக்கே ஷ்ரேபர் தோட்டம் என்றுதான் பெயர். அந்த மருத்துவர் கேட்டது விளையாடும் இடம். அவர் பெயரில் இருப்பதோ வேலி போட்ட காய்கறிப் பாத்தி.

இதைப் படித்த அன்று மாலை நம் காலி இடத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த ஆறேழு பையன்களைப் பார்த்தேன். அவர்களிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜெர்மானியர்கள் இந்தச் சிக்கலைச் சட்டத்தால் கட்டியிருக்கிறார்கள். முதல் உலகப் போர் முடிந்து ஊரே பசியில் இருந்த 1919இல், இத்தகைய தோட்டக்காரர்களை நினைத்தபோது வெளியேற்ற முடியாது, வாடகையைக் கண்டபடி ஏற்ற முடியாது என்று சட்டம் வந்தது. 1983இல் மேற்கு ஜெர்மனியில் வந்த சட்டம், ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கலாகாது, குடில் 24 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது என்கிறது. இரு ஜெர்மனிகளும் சேர்ந்த பிறகு அது நாடு முழுதுக்கும் பொருந்துகிறது. குறைந்தது மூன்றில் ஒரு பங்கில் காய்கறியோ பழமோ பயிரிட்டே ஆக வேண்டும் என்பதும் நடைமுறை. வெறும் புல்லும் சாய்வு நாற்காலியும் போட்டு உட்கார்ந்திருக்க முடியாது. இந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இனி எப்படிப் பயிரிடுவது என்ற கேள்வி. இதில் என் சொந்தப் பாவத்தைச் சொல்லாமல் மேலே போவது நியாயமில்லை. 2017இல் எங்கள் பிளாக் மொட்டை மாடியில் 60 பைகளில் தோட்டம் போட்டவர்களில் நானும் ஒருவன். எல்லாப் பைகளிலும் ஒரே ஞாயிற்றுக்கிழமை விதைத்தோம். எல்லா வெண்டையும் ஒரே வாரத்தில் காய்த்தது. பிளாக்கில் இருந்த அத்தனை வீட்டுக்கும் வெண்டைக்காய் கொடுத்தோம், அவர்களும் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம் கடைக்குப் போய்க் காய் வாங்கினோம். பைகளை நேராகத் தளத்தின் மேலேயே வைத்தது அடுத்த தவறு. மேல்மாடி வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கி, படுக்கையறை முழுக்கப் பூசணம் பூத்தது. 2019 கோடையில் குடிக்கவே டேங்கர் லாரிக்குக் காத்திருந்தபோது செடிக்குத் தண்ணீர் கேட்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. ஜூன் மாதம் பைகளைக் கீழே இறக்கினோம். மேல்மாடி வீட்டுக்காரர் அப்போதும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ஒரே நாளில் விதைத்து ஒரே வாரத்தில் திணறிப்போகும் இந்த வியாதி எங்களுக்கு மட்டும் வந்ததல்ல, ஒரு தேசத்துக்கே வந்திருக்கிறது. 1939இல் போர் தொடங்கியபோது பிரிட்டன் தன் உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் இறக்கிக்கொண்டிருந்தது. கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். 1940 ஜனவரியில் பன்றி இறைச்சி, வெண்ணெய், சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. போர் முடியும் வரை காய்கறிக்கு ரேஷன் இல்லை. ஆனால் ரேஷன் இல்லை என்றால் கடையில் கிடைக்கும் என்று பொருளல்ல. வெங்காயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் பிரிட்டனி கரையிலிருந்தும் கால்வாய்த் தீவுகளிலிருந்தும் வந்துகொண்டிருந்தது. 1940 கோடையில் இரண்டையும் ஜெர்மனி பிடித்தது, வெங்காயம் மறைந்தே போனது. ஒற்றை வெங்காயத்தைப் பரிசாக வைத்துக் குலுக்கல் சீட்டு நடத்தினார்கள். வெங்காய விலை ஏறினால் ஆட்சியே ஆடும் நாட்டில் இருக்கும் நமக்கு இது புரியும்.

அரசு மக்களைத் தோண்டச் சொன்னது. 'வெற்றிக்காகத் தோண்டு' என்பது முழக்கம். லண்டன் கோபுரத்தின் அகழியில் காய்கறிப் பாத்தி வந்தது, ஹைட் பார்க்கின் ஒரு பகுதியும் பாத்தியானது. குத்தகைத் தோட்டங்கள் போருக்கு முன் 8 லட்சத்துச் சொச்சம் இருந்தவை, 1943 வாக்கில் 14 லட்சம் ஆயின. ஞாயிறு பிற்பகலில் மிடில்டன் என்பவர் பி.பி.சி. வானொலியில் தோட்டம் பற்றிப் பேசுவார், லட்சக்கணக்கானோர் கேட்டார்கள். அதிகாரத் தொனி இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் கை வைத்துப் பேசுவது போல் பேசுவாராம்.

அவர்கள் அச்சிட்டுக் கொடுத்த முதல் துண்டுப் பிரசுரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. 90 அடிக்கு 30 அடி நிலத்துக்கு ஒரு வரைபடம். 2,700 சதுர அடி, நம் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குச் சற்றே அதிகம். நிலத்தை மூன்றாகப் பிரித்து, ஒன்றில் பட்டாணி, அவரை வகையும் வெங்காயமும், ஒன்றில் உருளைக்கிழங்கும் வேர்க்காய்களும், ஒன்றில் குளிர்காலத்துக்கான கோஸ் வகைகள். அடுத்த ஆண்டு மூன்றையும் இடம் மாற்ற வேண்டும். மூன்று ஆண்டில் ஒரு சுற்று. ஏன் என்றால், ஒரே குடும்பச் செடியை ஒரே மண்ணில் திரும்பத் திரும்ப வைத்தால் அதற்கான நோயும் புழுவும் மண்ணிலேயே குடியேறிவிடும். அவரைக் குடும்பத்தின் வேர் முடிச்சுகளோ மண்ணுக்குத் தழைச்சத்தைச் சேர்க்கும், பின்னால் வரும் பயிர் அதை உண்ணும்.

இது நம் ஊருக்கும் அப்படியே பொருந்தும், செடிகளைத்தான் மாற்ற வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். இந்த ஆண்டு தக்காளி வாடிச் செத்த பாத்தியில் அடுத்து கத்தரி வைப்பது கையிலிருக்கும் நாற்றைத் தூக்கி எறிவதற்குச் சமம். அங்கே கொத்தவரையோ காராமணியோ போடலாம், பிறகு கீரை.

ஆனால் படம் கொடுத்தால் மட்டும் மக்கள் கேட்டுவிடுவார்களா? வசந்தம் வந்ததும் எல்லாரும் உற்சாகமாக விதைத்தார்கள். கோடையில் லெட்யூஸும் பீன்ஸும் தின்று தீர்க்க முடியாமல் கிடந்தன, குளிர்காலத்தில் பாத்தி காலி. குளிர்காலக் காய்க்கு இப்போதே நடுங்கள், இப்போதே நடுங்கள் என்று அமைச்சகம் ஆண்டுக்கு ஆண்டு தொண்டை வறளக் கத்த வேண்டியிருந்தது. எங்கள் 60 பைகளுக்கும் அதே புத்திமதிதான் தேவைப்பட்டிருக்கிறது. முளைக்கீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், ஆகவே பத்து நாளுக்கு ஒரு சிறு பாத்தியாக விதைக்க வேண்டும். வெண்டையை மூன்று தவணையாகப் போட வேண்டும். கத்தரி நின்று காய்க்கும், அதற்கு ஒரு தடவை போதும்.

போர் முடிந்ததும் பூங்காக்கள் மீண்டும் புல்வெளியாயின. இரவல் நிலம் எப்போதும் திரும்பிப் போகும். இதற்கு முன்பே அமெரிக்காவின் டெட்ராய்ட் இதைக் கண்டது. 1893இல் பொருளாதாரம் சரிந்து வேலையில்லாமல் தவித்தவர்களுக்காக, அடுத்த ஆண்டு மேயர் ஹேசன் பிங்க்ரீ ஊரின் காலி மனைகளை உரிமையாளர்களிடம் இரவல் வாங்கிக் கொடுத்து உருளைக்கிழங்கு போடச் சொன்னார். செலவுக்குத் தன் குதிரையையே ஏலத்துக்கு விட்டார். 'உருளைக்கிழங்கு மேயர்' என்று கேலி செய்தார்கள், ஆனால் அறுவடை முடிந்ததும் மற்ற ஊர்கள் அதையே பின்பற்றின. காலம் நிமிர்ந்ததும் மனைக்காரர்கள் வீடு கட்ட வந்தார்கள், தோட்டம் போயிற்று.

நம் நாட்டிலும் போர்க்காலத்தில் 'அதிக உணவு பயிரிடு' இயக்கம் நடந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்து பர்மா அரிசி நின்றது, அடுத்த மாதமே ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து சென்னை நகரம் பாதிக்கு மேல் காலியானது. அந்த இயக்கம் சுதந்திரத்துக்குப் பிறகும் தொடர்ந்தது. 1952இல் வி.டி. கிருஷ்ணமாச்சாரி தலைமையிலான குழு அதை ஆராய்ந்து, அதிகாரிகள் நடத்தும் காரியமாகவே இருந்ததால் மக்களைத் தொடவில்லை என்ற முடிவுக்கு வந்தது. 1965இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி தன் அரசு இல்லத்துப் புல்வெளியையே உழுதது பலருக்கு நினைவிருக்கும். 2013-14இல் நம் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் மாடித் தோட்டத் தளை கொடுத்தது. எங்கள் பைகளும் அந்த வழியில் வந்தவைதான்.

இதற்கெல்லாம் முன்னால் நமக்குக் கொல்லை இருந்தது. அதைத் தோட்டம் என்று யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் ஓடும் வழியில் வாழையும் சேம்பும் நிற்கும். வேலியில் அவரை, கூரையில் பூசணி, மூலையில் முருங்கை. வரைபடம் கிடையாது, தண்ணீர் போகும் பாதைதான் வரைபடம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது அட்டவணை.

சில வீடுகளில் திவசச் சமையலைக் கவனித்திருப்பீர்கள். மிளகாய் கிடையாது, மிளகுதான். தக்காளி, உருளை, கோஸ், கேரட் எதுவும் அடுப்பில் ஏறாது. வாழைக்காய், அவரை, பாகல், புடலை, பிரண்டை மட்டும். மிளகாயும் தக்காளியும் உருளையும் கொலம்பஸுக்குப் பின் அமெரிக்காவிலிருந்து வந்தவை, கோஸும் கேரட்டும் வெள்ளைக்காரர்கள் மலையில் பயிராக்கியவை. முன்னோருக்குத் தெரியாத காயை அவர்களுக்குப் படைக்கக்கூடாது என்று யாரோ எப்போதோ வைத்த விதி, பழைய கொல்லையில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சியாக நிற்கிறது. அந்தப் பட்டியலில் உள்ளவைதான் நம் வெயிலை அதிகம் முணுமுணுக்காமல் தாங்குபவை என்பது என் கருத்து. முதல் ஆண்டிலேயே காலிஃபிளவர் கேட்பவர்கள் கோபிக்க வேண்டாம்.

சரி, சி பிளாக் பின்புறம். தெற்கு வடக்காக 60 அடி, கிழக்கு மேற்காக 40 அடி, சரியாக ஒரு கிரவுண்ட். கட்டடத்துக்கும் அதற்கும் நடுவே 10 அடி நடைபாதை. கட்டடத்தின் உயரம் 50 அடி. ஆடி மாதத்தில் நம் ஊரில் நண்பகல் சூரியன் தலைக்கு மேலே, சற்று வடக்கே நிற்கும், இடம் முழுக்க வெயில். அதைப் பார்த்துத்தான் நாங்கள் கையெழுத்துப் போட்டோம். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது 50 அடிக் கட்டடத்தின் நிழல் நண்பகலில்கூட 37 அடி நீளும். நடைபாதையைக் கழித்தால் இடத்தின் தென்புறம் 27 அடி, காய்கறிக்கு ஆகாத நிழல். காய்க்கும் செடிக்கு ஒரு நாளைக்கு ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும். ஆகவே முழு இடத்திலும் தோட்டம் என்று நாங்கள் எழுதிக் கொடுத்தது, ஐப்பசிக்கு மேல் பாதித் தோட்டம்தான்.

வடக்கு ஓரத்தில் 20 அடி மட்டும் எடுத்துக்கொண்டால் 800 சதுர அடி, அதாவது மூன்றில் ஒரு பங்கு. ஆண்டு முழுதும் வெயில் இருக்கும். மிச்சமுள்ள 40 அடி பையன்களுக்கு. குளிர்கால மாதங்களில் நிழலும் அவர்களுக்கே. நடுவில் ஒரு அவரைப் பந்தல் போட்டால் பந்தைத் தடுக்கும், தடுக்காவிட்டால் நாலு கத்தரிச் செடி போகட்டும். கார் நிறுத்தம் கேட்டவர்களுக்கு இதில் எதுவும் இல்லை என்பது தெரியும். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தண்ணீர்தான் கஷ்டமான கேள்வி. 800 சதுர அடிக்குக் கோடையில் நாளொன்றுக்குச் சுமார் 400 லிட்டர் வேண்டும். மாதத்துக்கு 12,000 லிட்டர், ஒரு லாரி. ஆர்.ஓ. கழிவு நீரை ஊற்றலாம் என்று குழுவில் ஒருவர் எழுதினார், ஆனால் அதில் உள்ள உப்பு நாளடைவில் மண்ணைக் கெடுத்துவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் பாத்திகளைச் சருகு போட்டு மூடிச் சும்மா விட்டுவிட்டு, ஆடியிலும் தையிலும் மட்டும் பயிர் செய்வது என்று இப்போதே தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். பாத்திகள் யாருக்கும் சொந்தமில்லை, ஆண்டுக்கு ஒரு முறை குலுக்கல், ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் அடுத்தவருக்கு, வேலி கூடவே கூடாது என்பதும் சேர வேண்டும். எங்கள் பழைய மனுவுக்குப் பதிலாக இந்தத் திருத்தத்தைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். 31 பேரில் 19 பேர் இதுவரை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மற்றவர்கள் என்னைக் கட்சி மாறியவன் என்கிறார்கள்.

நிழல் எங்கே முடியும் என்பதைக் கோலமாவால் கோடு போட்டுக் காட்டியிருக்கிறேன். மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகும்போது பாருங்கள். மழை பெய்தால் அழிந்துவிடும், பையன்கள் அதைத்தான் பவுண்டரி கோடாக வைத்து ஆடுகிறார்கள் என்பதால் அவர்களே மறுபடி போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.